ஒரு ராத்திரிக் கூத்தும் நாலு வகைக் கோப்புகளும்: லினக்ஸில் தொகுத்த அனுபவம்

செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதி அம்மன் கோயில் விழாவுக்கு நடந்த பாரதக் கூத்தை முழுதாகத் தொகுத்துத் தர வேண்டும் என்பதுதான் வேலை. இரவு 10 மணிக்குத் தொடங்கி விடிகாலை 5 மணி வரை, மொத்தம் 7 மணி நேரம். ஊர்க்காரர்களுக்குக் கோயில் டிவியில் பென்டிரைவ் போட்டுப் பார்க்க ஒரு பிரதி, யூடியூபுக்கு ஒன்று, கூத்து வாத்தியாருக்குப் பாட்டு மட்டும் தனியாக. வேலை முடிந்ததும் எழுதி வைத்த குறிப்புகளைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். இதே மாதிரி பல கருவிகளில் எடுத்த கோப்புகளோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு நேரம் மிச்சமாகும்.

கையில் வந்தவை நான்கு. அரங்குக்கு நேர் எதிரே முக்காலியில் நின்ற கேம்கார்டரின் எம்டிஎஸ் கோப்புகள். பக்கவாட்டில் ஓர் ஆண்ட்ராய்டு போன் எடுத்த எம்பி4 கோப்புகள், பேட்டரி தாங்கிய வரை 3 மணி நேரம். ஒப்பனையையும் கூட்டத்தையும் இன்னொரு போன் 4கே-யில் எடுத்த எம்ஓவி துண்டுகள், எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் இருக்கும். நான்காவது, ஆர்மோனியக்காரர் பக்கத்தில் வைத்த ஒலிப்பதிவுக் கருவியின் வேவ் கோப்புகள்.

என் கணினியில் லினக்ஸ் மின்ட், என்விடியா கார்டு, 16 ஜிபி ராம். தொகுக்க, பிளாக்மேஜிக் நிறுவனத்தின் டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு. இரவுக் கூத்தில் ஒரு பக்கம் எல்இடி விளக்கு, இன்னொரு பக்கம் மஞ்சள் விளக்கு. அரிதாரத்தின் சிவப்பும் பச்சையும் இரண்டு கேமராவிலும் ஒன்றாகத் தெரிய வேண்டுமென்றால் ரிசால்வின் வண்ணப் பக்கம் இல்லாமல் எனக்கு ஆகாது. ஆனால் போன்களும் கேமராக்களும் படத்தைச் சுருக்கப் பெரும்பாலும் பயன்படுத்தும் ஹெச்.264, ஹெச்.265 (ஹெச்இவிசி என்பதும் இதுதான்) இரண்டையும் லினக்ஸில் இலவச ரிசால்வ் திறக்காது, ஏஏசி ஒலியையும் படிக்காது. இது மறைவான விஷயம் அல்ல. பிளாக்மேஜிக் வெளியிடும் கோடெக் (படத்தையும் ஒலியையும் சுருக்கி விரிக்கும் முறை) பட்டியலிலேயே இருக்கிறது. விண்டோஸ், மேக் இரண்டிலும் அதே இலவசப் பதிப்பு சாதாரண எம்பி4 கோப்புகளைத் திறக்கிறது. அதனால் யூடியூபில் விண்டோஸ் பயனர் ஒருவர் "எனக்கு வேலை செய்கிறதே" என்று காட்டுவதை வைத்து நாம் முடிவெடுக்க முடியாது.

அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தத் தொகுப்பு மென்பொருளுக்கும் இதே முறைதான். முதலில் உங்கள் இயங்குதளத்துக்கான அட்டவணை எது என்று பாருங்கள். அப்புறம் கோப்பின் கன்டெய்னர், அதற்குள் இருக்கும் கோடெக், அந்தக் கோடெக்கின் எந்த வகை என்று வரிசையாக இறங்குங்கள். படிக்க மட்டுமா, எழுதவுமா என்பது தனிப் பத்தி. கடைசியாகக் கட்டணப் பதிப்புக்கு மட்டும் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "எம்பி4 ஆதரவு உண்டு" என்ற ஒரு வரியை மட்டும் நம்பினால் பாதிக் கதைதான் தெரியும். எம்பி4, எம்ஓவி, எம்கேவி எல்லாம் வெறும் கன்டெய்னர்கள். நம் வீட்டுச் சமையலறையில் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் துவரம்பருப்பு இருக்கிற மாதிரி, வெளியே ஒட்டியிருக்கும் பெயர் உள்ளே இருப்பதைச் சொல்லாது. என்னிடம் இருந்த எம்ஓவி ஒன்றில் ஹெச்இவிசி இருந்தது. நானே பின்னால் செய்த எம்ஓவி-யில் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் என்ற, தொகுப்புக்கான கோடெக் இருந்தது. ஒன்றை ரிசால்வ் தொடவே தொடாது, மற்றது வெண்ணெய்யாக ஓடும்.

ஆகவே முதல் வேலை, கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் ஒவ்வொரு வகையிலும் ஒரு கோப்பைப் போட்டுப் பார்த்தது. எம்டிஎஸ்: ஹெச்.264, 1920×1080, இன்டர்லேஸ், விநாடிக்கு 50 ஃபீல்டு (அதாவது பாதிப் படம்), 17 மெகாபிட், ஒலி ஏசி-3. ஆண்ட்ராய்டு போன்: ஹெச்.264, 8 பிட், ஏஏசி ஒலி. ஃபிரேம் வேகம் என்ற இடத்தில் "மாறக்கூடியது" என்று இருந்தது. 4கே போன்: ஹெச்இவிசி, 10 பிட், ஹெச்எல்ஜி வகை ஹெச்டிஆர் (வெளிச்ச வீச்சு அதிகமுள்ள படம்). வேவ்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இதில் பிரச்சினை எதுவும் இல்லை. இந்த நாலு வரியைப் பார்த்ததுமே என்னென்ன செய்ய வேண்டும் என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது.

கேடென்லைவ் என்ற இலவசத் தொகுப்பு மென்பொருளில் தொகுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கேடென்லைவும் அதைப் போன்ற ஷாட்கட்டும், வீடியோ ஒலிக் கோப்புகளைப் படித்து மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியின் மேல் கட்டப்பட்டவை. எஃப்எஃப்எம்பெக் திறப்பதையெல்லாம் அவையும் திறக்கும். என் நான்கு வகைக் கோப்புகளையும் கேடென்லைவ் எந்தக் கேள்வியும் இல்லாமல் வாங்கிக்கொண்டது. போன் கோப்பைப் போட்டதும் ஃபிரேம் வேகம் மாறுகிறது, மாற்றிக்கொள்ளட்டுமா என்று அதுவே கேட்கவும் செய்தது. வண்ண வேலை அதிகம் இல்லாதவர்கள் அதிலேயே முடித்துக்கொள்ளலாம், தாராளமாக. ஆனால் திறப்பது வேறு, தொகுக்கத் தோதாக இருப்பது வேறு. ஹெச்.264-இல் முழுப்படமாக இருக்கும் ஃபிரேம்கள் எப்போதாவது ஒன்றுதான் வரும். இடையில் இருப்பவை எல்லாம் முன்னே பின்னே உள்ள படங்களிலிருந்து என்ன மாறியது என்ற கணக்கு மட்டுமே. நடுவில் ஒரு ஃபிரேமில் போய் நின்றால், மென்பொருள் முந்தைய முழுப்படத்துக்குப் போய் அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வர வேண்டும். பார்ப்பதற்கு அது பிரமாதம், இடம் மிச்சம். வெட்டி ஒட்டுபவருக்குத்தான் ஒவ்வொரு இழுப்புக்கும் காத்திருப்பு. 7 மணி நேர டைம்லைனில் இரண்டு கேமராவை மாற்றி மாற்றி வெட்டும்போது இந்தச் சின்னச் சின்னத் தயக்கங்கள் சேர்ந்து ஆளைச் சோர வைத்துவிடும்.

இதற்காகவே இருப்பவைதான் இடைநிலைக் கோடெக்குகள். ஆப்பிளின் புரோரெஸ் 2007-இல் வந்தது. அவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்ஹெச்டி அதற்கு முன்பே, 2004-இல். அது 1080, 720 அளவுகளுக்குள் கட்டுப்பட்டது என்பதால், எந்த அளவுக்கும் பொருந்தும் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் 2014-இல் வந்தது. இவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் தன்னளவில் முழுமை. எங்கே நிறுத்தினாலும் அங்கேயே உடனே படம். ரிசால்வ் இலவசப் பதிப்பு லினக்ஸில் டிஎன்எக்ஸ்ஹெச்ஆரைப் படிக்கவும் எழுதவும் செய்யும். அதனால் எல்லாவற்றையும் எம்ஓவி கன்டெய்னரில் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் படம், பிசிஎம் (சுருக்கப்படாத) ஒலி என்று மாற்றுவதாக முடிவு செய்தேன்.

அடுத்தது இடக் கணக்கு. இதைத் தொடங்கும் முன்பே போட வேண்டும், பாதியில் வன்வட்டு நிரம்பினால் கஷ்டம். 1080 அளவில், விநாடிக்கு 25 ஃபிரேமில், டிஎன்எக்ஸ்ஹெச்ஆரின் தர வகைகளில் எல்பி விநாடிக்குச் சுமார் 36 மெகாபிட். மணிக்கு 16 ஜிபி. எஸ்கியூ 120 மெகாபிட்; மணிக்கு 54 ஜிபி. ஹெச்கியூ, ஹெச்கியூஎக்ஸ் இரண்டும் 185 மெகாபிட். மணிக்கு 83 ஜிபி. பெரிய வகையைத்தான் எடுக்க வேண்டும் என்று எங்கும் விதி இல்லை. 17 மெகாபிட்டில் வந்த கேம்கார்டர் படத்துக்கு எஸ்கியூவே தாராளம். மாற்றுவதால் படம் நன்றாக ஆகாது, இருப்பது கெடாமல் இருந்தால் போதும். கேம்கார்டருக்கு 7 மணி எஸ்கியூ என்றால் 378 ஜிபி, ஆண்ட்ராய்டு போனுக்கு 3 மணி 162 ஜிபி. 4கே போன் 10 பிட் என்பதால் அதற்கு மட்டும் ஹெச்கியூஎக்ஸ். அதையும் 4கே-யாகவே வைத்தால் மணிக்கு 330 ஜிபி அளவுக்குப் போகும். டைம்லைன் 1080 என்பதால் 1080-க்கே குறைத்தேன், 83 ஜிபி. மொத்தம் 620 ஜிபி சொச்சம். 1 டெராபைட் யுஎஸ்பி வன்வட்டில் அடங்கியது. எஸ்கியூ ஓட விநாடிக்கு 15 மெகாபைட்தான் தேவை என்பதால் சாதாரண சுழலும் வன்வட்டே ஈடுகொடுக்கும், எஸ்எஸ்டி கட்டாயம் இல்லை.

மாற்றும் வேலைக்கு ஷட்டர் என்கோடர் பயன்படுத்தினேன். உள்ளே ஓடுவது எஃப்எஃப்எம்பெக்தான். கட்டளை வரி பிடிக்காதவர்களுக்கு நல்ல முகப்பு. ஆனால் கேம்கார்டர் கோப்புகளை நேரடியாக அதில் போடவில்லை. காரணம் இருக்கிறது.

எம்டிஎஸ் கோப்புகளை எழுதும் ஏவிசிஹெச்டி வகைக் கேம்கார்டர் நீளமான பதிவை ஒரே கோப்பாக வைக்காது. 2 ஜிபி ஆனதும் அடுத்த கோப்பைத் தொடங்கும். 17 மெகாபிட்டில் அது ஏறக்குறைய 17 நிமிடம். 7 மணி நேரத்துக்கு 25 கோப்புகள். இவற்றைத் தனித்தனியாக மாற்றி டைம்லைனில் அடுக்கினால் படம் சேர்ந்துவிடும், ஒலிதான் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நொடிப்பு நொடிக்கும். ஏசி-3 ஒலி 32 மில்லிவிநாடித் துண்டுகளாக வருவது. 25 ஃபிரேம் படமோ 40 மில்லிவிநாடிக்கு ஒன்று. கோப்பு முடியும் இடத்தில் இரண்டும் ஒரே புள்ளியில் முடிவதில்லை. முகவீணை நீண்டு இழுக்கும் இடத்தில் அந்த இணைப்பு விழுந்தால் காதில் குத்தும். எம்டிஎஸ் என்பது தொடர் ஓட்டமாக வடிவமைக்கப்பட்டது என்பதால் ஒன்றின் வாலில் அடுத்ததை அப்படியே ஒட்டினால் போதும். லினக்ஸின் கேட் கட்டளை ஒன்றே இதைச் செய்துவிடும். வரிசை எண் மாறாமல் 25-ஐயும் ஒட்டி, ஒரே பெரிய கோப்பாக்கி, அதன் பிறகு மாற்றினேன். இணைப்பு இருந்த இடங்கள் எதுவும் கேட்கவில்லை.

இன்டர்லேஸை நீக்குவதும் இதே கட்டத்தில். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தையும் இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தையும் தாங்கியிருக்கும். ஆடாமல் நிற்கும்போது தெரியாது. துரியோதனன் வேடக்காரர் கிரீடமும் புஜக்கட்டையும் மின்ன ஒரே சுழற்சியாகச் சுழலும்போது விளிம்பெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியும். எஃப்எஃப்எம்பெக்கில் இதற்கு யாடிஃப் என்ற வடிகட்டி பழையது, நம்பகமானது. பிடபிள்யூடிஐஎஃப் அதைவிடப் புதியது, மெல்லிய கோடுகளை நன்றாகக் காக்கிறது. நகைகளில் கண்ணாடித் துண்டு பதித்த வேடங்களுக்கு எனக்குப் பின்னதே பிடித்தது. 50 ஃபீல்டை 50 முழு ஃபிரேமாக விரித்தால் சுழற்சி இன்னும் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் இடம் இரட்டிப்பு. 25 என்று வைத்துக்கொண்டேன். இடம் இருப்பவர்கள் ஆட்டத்துக்கு 50 வைத்துக்கொள்வதுதான் என் பரிந்துரை.

ஆண்ட்ராய்டு போனின் மாறும் ஃபிரேம் வேகத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், நீளப் பதிவில் மிக அதிகம் படுத்துவது இதுதான். வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே வேகத்தைக் குறைக்கும், சூடானாலும் குறைக்கும். கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நேர முத்திரை இருப்பதால் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். தொகுப்பு மென்பொருள் பெரும்பாலும் சீரான வேகத்தை எதிர்பார்க்கிறது. 30 என்று எடுத்துக்கொண்டு ஃபிரேம்களை எண்ணி ஓட்டினால், உண்மைச் சராசரி 29.9 மட்டுமே என்றாலும் ஒரு மணி நேரத்தில் 12 விநாடி விலகிவிடும். மூன்று நிமிடப் பிறந்தநாள் வீடியோவில் அரை விநாடி. யாரும் கவனிக்க மாட்டார்கள். மூன்று மணி நேரக் கூத்தில் பாட்டு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்.

தீர்வு, மாற்றும்போதே நேர முத்திரையைப் பார்த்துச் சீரான வேகத்துக்குக் கொண்டுவரச் சொல்வது. டைம்லைன் 25 என்பதால் நேரே 25-க்கே மாற்றினேன். 6 ஃபிரேமுக்கு ஒன்று உதிரும், வேகமான ஆட்டத்தில் லேசான வெட்டு தெரியும். அதனால் சுழற்சிகளுக்குக் கேம்கார்டரையும், வசனத்துக்கும் முகபாவத்துக்கும் போனையும் பயன்படுத்துவதென்று வைத்துக்கொண்டேன்.

சரியாக வந்ததா என்று சோதிக்க கைத்தாளத்தைப் பயன்படுத்தினேன். கூத்தில் பின்பாட்டுக்காரர் தட்டும் தாளம் ஒலி அலையில் ஊசி மாதிரி நிமிர்ந்து நிற்கும். மிருதங்கத்தின் வீச்சுகூட அவ்வளவு கூர்மையாக இருக்காது. சினிமாவில் கிளாப் பலகை செய்யும் வேலையை இது ராத்திரி முழுக்கச் செய்துகொண்டே இருக்கிறது. முதல் திரைப் பிரவேசத்தில், கட்டியக்காரன் பாடி முடித்து, பிடித்த திரைக்குப் பின்னால் சலங்கை மட்டும் கேட்கிற இடத்தில் ஒரு தாளத்தைப் பிடித்து, போன் ஒலியையும் வேவ் ஒலியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பொருத்தினேன். பிறகு போன் பதிவு முடியும் இடத்துக்குப் போய் இன்னொரு தாளம். மாற்றிய கோப்பில் இரண்டு ஊசிக்கும் இடையே சில ஃபிரேம் வித்தியாசம் மட்டுமே இருந்தது.

அந்தச் சில ஃபிரேம் எங்கிருந்து வந்தது என்றால், ஒவ்வொரு கருவியின் கடிகாரமும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். மணிக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் விலகுவது சாதாரணக் கருவிகளில் இயல்பு. கோடெக் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது, தேவையும் இல்லை. ஒவ்வொரு வேடத்தின் திரைப் பிரவேசத்திலும் டைம்லைனை வெட்டி அங்கே மறுபடி தாளத்தைப் பொருத்திக்கொண்டே போனேன். கூத்தின் அமைப்பே இதற்கு வாகாக இருக்கிறது. வேவ் கோப்பும் இரண்டாக வந்திருந்தது. அந்த வடிவத்துக்கு 4 ஜிபி எல்லை உண்டு, 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் ஸ்டீரியோவில் 4 மணி நேரத்துக்குச் சற்று மேல். கருவி தானாகவே அடுத்ததைத் தொடங்கியிருந்தது, இடையில் எதுவும் விடுபடவில்லை.

4கே போனின் துண்டுகள் வேறு விதம். ஹெச்எல்ஜி படத்தைச் சாதாரணப் படமாக நினைத்து டைம்லைனில் போட்டால் சாயம் போன வேட்டி நிறத்தில் வெளுத்திருக்கும். இதை 8 பிட்டுக்குக் குறைத்துவிட்டு அப்புறம் சரிசெய்யப் போனால் வானத்திலும் நிழலிலும் பட்டை பட்டையாக விழும். அதனால்தான் 10 பிட் தாங்கும் ஹெச்கியூஎக்ஸ். ரிசால்வில் ஒவ்வொரு துண்டுக்கும் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்ற விளைவைப் போட்டு, உள்ளே வருவது ரெக்.2020, ஹெச்எல்ஜி; வெளியே போவது சாதாரண ஹெச்டி டிவிக்கான ரெக்.709, காமா 2.4 என்று கொடுத்தேன். இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது. அரிதாரம் பூசும் காட்சியில் சிவப்பு உடனே சிவப்பாக வந்தது. அதன் பிறகுதான் கேம்கார்டரோடு நிறம் பொருத்தும் வேலை.

இடையில் ஊர்ப் பையன் ஒருவன் நல்ல கோணத்தில் எடுத்த ஒரு துண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். வந்தது சுருங்கிப்போன படம். "தம்பி, இதையே டாக்குமென்டா அனுப்புப்பா" என்றேன். உடனே அசல் கோப்பு வந்தது. யாரிடம் வீடியோ வாங்கினாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தொகுப்பைப் பற்றி இங்கே அதிகம் எழுத வேண்டியதில்லை. கோப்புகள் ஒழுங்கானதும் ரிசால்வ் எங்கும் திக்கவில்லை. வெளியே எடுக்கும்போதுதான் மறுபடி கோடெக் விஷயம் வருகிறது. லினக்ஸ் இலவசப் பதிப்பில் ஹெச்.264 எழுத வழியில்லை என்பதால் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்கியூவாக ஒரு மாஸ்டர் எடுத்து, அதிலிருந்து எஃப்எஃப்எம்பெக் மூலம் ஹெச்.264.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்கியூ 4:2:2 நிறத்தில் இருக்கும் (நிற விவரம் எவ்வளவு என்ற அளவு இது; 4:2:0-இல் இதில் பாதிதான்). எதுவும் சொல்லாமல் ஹெச்.264-க்கு மாற்றினால் எஃப்எஃப்எம்பெக் அந்த 4:2:2-ஐ அப்படியே வைத்துக்கொள்ளும். கணினியில் விஎல்சியில் அழகாக ஓடும். டிவியில், பல போன்களில், சத்தம் மட்டும் வரும் அல்லது "ஆதரிக்கப்படாத கோப்பு" என்று வரும், ஏனென்றால் அவற்றில் உள்ள சிப்புகள் 4:2:0-க்குச் செய்யப்பட்டவை. படத்தின் வடிவம் 8 பிட் 4:2:0 என்று வெளிப்படையாகக் கொடுத்துவிட வேண்டும். யூடியூப் பிரதிக்கு சிஆர்எஃப் என்ற தர அளவு 19, ஏஏசி ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், கோப்பின் அட்டவணைப் பகுதி முன்னால் வரும்படி ஃபாஸ்ட்ஸ்டார்ட். யூடியூப் 12 மணி நேரம் வரை ஏற்கும் என்பதால் 7 மணி நேரத்தை ஒரே கோப்பாகவே ஏற்றினேன், வேடங்களின் வருகைக்கு நேரக் குறிப்புகளோடு.

பென்டிரைவ் பிரதிக்குக் கணக்கு வேறு. கோயில் டிவி, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவை மட்டுமே படிக்கும் பழைய டிவி. ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. விநாடிக்கு 5 மெகாபிட் என்று நிர்ணயித்து இரண்டு ஓட்டமாக (முதலில் அலசி, அப்புறம் சுருக்கி) மாற்றினால் மணிக்கு 2.25 ஜிபி. ஒன்றரை மணி நேரத்துக்குள் வரும்படி காட்சி முடிவுகளில் வெட்டி, எண் போட்டுப் பெயர் வைத்துப் பதிந்தேன். இடம் மிச்சமாகிறதே என்று ஹெச்இவிசி-யில் கொடுக்க ஆசை வரும். பழைய டிவிக்குக் கொடுக்கிற கோப்பில் அந்த ஆசை வேண்டாம். முதல் பாகத்தை மட்டும் முன்கூட்டியே கொண்டுபோய் அந்த டிவியிலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் மீதியை மாற்றினேன்.

வாத்தியாருக்கு ஒலி. "ஐயா, வேவ் கோப்பாகவே தரட்டுமா?" என்று கேட்டதற்கு, "எம்பி3-ல குடு தம்பி, பசங்க எல்லார்கிட்டயும் சின்ன போன்தான் இருக்கு, அதுலதான் கேட்டுக் கத்துக்குவாங்க" என்றார். 192 கிலோபிட் எம்பி3-யாக, ஒவ்வொரு வேடத்தின் பிரவேசப் பாட்டும் தனிக் கோப்பாக வெட்டிக் கொடுத்தேன். விருத்தம் தொடங்கும் முன் ஆர்மோனியம் சுருதி பிடிப்பதையும் சேர்த்தே வெட்டச் சொன்னார், மாணவர்களுக்கு அது வேண்டுமாம்.

கடைசியாக எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது. அசல் எம்டிஎஸ், எம்பி4, எம்ஓவி, வேவ் கோப்புகளை அப்படியே இரண்டு வன்வட்டில் வைத்திருக்கிறேன். ரிசால்வ் திட்டக் கோப்பும் அதோடு. 620 ஜிபி இடைநிலைக் கோப்புகளை அழித்துவிட்டேன். வேண்டுமென்றால் அசலிலிருந்து அதே பெயரில் மறுபடி செய்துகொள்ளலாம். அதற்காகவே எந்தக் கோப்புக்கு எந்த வகை, எந்த ஃபிரேம் வேகம், எந்த வடிகட்டி என்று ஓர் உரைக் கோப்பில் எழுதி அதே அடைவில் போட்டிருக்கிறேன். டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் மாஸ்டரை மட்டும் அழிக்கவில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு ஊர்க்காரர்கள் ஒரு மணி நேரச் சுருக்கம் கேட்டிருக்கிறார்கள், அதை இதிலிருந்தே வெட்டிக்கொள்ளலாம்.